வெள்ளந்தாங்கி அம்மனுக்கு ஒரு குடம் தண்ணீர்

ஒடுகத்தூரிலிருந்து எங்கள் மூங்கிலேரிக்கு வரும் பஸ்ஸில் அந்தப் புரட்டாசி மாதம் கால் வைக்க இடமில்லை. கூரை மேல் ஆள். பின்னால் ஏணியில் ஆள். கண்டக்டர் டிக்கெட் கேட்டால் "அம்மா காரியமா போறோம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கண்ணமங்கலத்திலிருந்து வந்தார்கள். கணியம்பாடியிலிருந்து வந்தார்கள். மஞ்சள் துணி, வேப்பிலை, கோழி, குழந்தை, எல்லாவற்றையும் இடுக்கிக்கொண்டு வந்தார்கள்.

எதற்கு? எங்கள் ஏரிக்கரையில் ஒரு கல் வேர்க்கிறதாம். அதைப் பார்க்க.

மனுஷன் வேர்த்தால் எவனும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த ஊரில் நான் ஏர் பிடித்து வேர்த்த வேர்வைக்கு ஒருத்தனும் கற்பூரம் காட்டியதில்லை. கல் வேர்த்தால் மட்டும் தேங்காய் உடைக்கிறார்கள்.

அந்தக் கல் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூங்கிலேரி ஜவ்வாது மலையின் காலடியில் கிடக்கிற ஊர். மலையில் பெய்யும் மழை கானாறு வழியாக இறங்கி எங்கள் ஏரியில் விழும். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற இடத்துக்கு எங்கள் பக்கம் கோடி என்று பேர். கோடியிலிருந்து ஒரு கால்வாய் போய் ஆற்றில் சேரும். சேர வேண்டும். எங்கள் ஊரில் சேரவில்லை. ஏனென்றால் கால்வாய் இருந்த இடத்தில் தேவராஜின் வாழைத்தோப்பு இருந்தது. வருஷா வருஷம் கொஞ்சம் மண்ணைத் தள்ளி, வரப்பை நகர்த்தி, கால்வாயையே தோப்பாக்கிவிட்டான் அந்த மனுஷன். ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பழம் நன்றாக இருந்தது. வாங்கித் தின்றோம்.

முந்தின வருஷம் ஐப்பசியில் மலையில் கொட்டித் தீர்த்தது. ஏரி நிரம்பியது. கோடியில் போக வழி கிடைக்காத தண்ணீர், கரையை உடைத்துக்கொண்டு கீழ்த்தெருவில் இறங்கியது. கரைக்கு நேர் கீழே இருக்கிற தெரு அது. வேதக்கார வீடும் உண்டு, மாரியம்மனைக் கும்பிடுகிற வீடும் உண்டு. தண்ணீர் எந்த வாசலிலும் நின்று சிலுவையா திருநீறா என்று விசாரிக்கவில்லை. ஆடு மேய்க்கிற செல்லியம்மாள் வீட்டுச் சுவர் அவள் புருஷன் முனியன் மேல் விழுந்தது. ஆள் பிழைத்தான். இடுப்பு பிழைக்கவில்லை. அன்றிலிருந்து கயிற்றுக் கட்டிலே கதி. பட்டியில் இருந்த ஆடெல்லாம் வெள்ளத்தோடு போயிற்று. அவள் பிறக்கிற குட்டியில் பாதி தருவதாக வாரத்துக்கு ஆடு பிடித்து, புதுச் சுவர் எழுப்பி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

எண்பத்தாறாம் வருஷம் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. ரொம்ப காலம் கழித்து வந்த தேர்தல். "கரையைக் கட்டுவேன்" என்று சொல்லி கோபால்சாமி தலைவரானார். ஜெயித்த பிறகும் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது என்பது பெரிய அதிசயம். அதைப் பார்க்க எந்த ஊரிலிருந்தும் பஸ் வரவில்லை.

யூனியனிலிருந்து ஓவர்சீயர் பிலிப்ராஜ் வந்து சங்கிலி போட்டு அளந்தார். பள்ளிக்கூடத்தில் கூட்டம் கூட்டினார்கள். மழைக்கு முன்னால் கோடிக்கால்வாயைத் திறப்பது, கரை இளைத்த இடத்தில் மண் கொட்டி உயர்த்துவது, மலையில் மேகம் கறுத்தால் தமுக்கு அடித்துக் கீழ்த்தெருவை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றுவது என்று பேசி முடித்தார்கள். முனியனைக் கட்டிலோடு தூக்குவதற்கு இன்னார் இன்னார் என்றுகூடப் பேர் சொல்லி வைத்தார்கள். கூலியில் பாதி அரிசி. மூட்டைகள் வந்து பள்ளிக்கூடத்தில் இறங்கின.

நான் சர்க்காரை நம்புகிறவன் அல்ல. நிலத்தை அளக்கிறேன் என்று வருகிறவன் நம்மைத்தான் அளந்துகொண்டு போகிறான். ஆனால் இது நியாயமான ஏற்பாடு. அதனால்தானோ என்னவோ முதல் நாளே நின்றுபோனது.

கரையில் முதல் வெட்டு விழுந்ததும் டங்கென்று சத்தம். மண்ணுக்குள் ஒரு கருங்கல். யானைக்குட்டி முதுகு மாதிரி இருந்தது. அதே நேரம் பார்த்து கரை மேல் ஒருவர் வந்துகொண்டிருந்தார். காவி வேட்டி, வயிறு வரைக்கும் தாடி, கையில் புதிதாய் ஒடித்த வேப்பிலை. முன்பின் பார்த்திராத ஆள், கல் கிடைத்த நிமிஷத்தில், கையில் வேப்பிலையோடு எப்படி வந்து நிற்கிறான் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

"வெட்டாதே! உள்ள அம்மா கீறா!" என்று கத்தி மண்ணில் விழுந்து புரண்டார்.

கோபால்சாமி நடுங்கிவிட்டார். "சாமி, நீங்க யாரு?"

"நான் யாருன்னு கேக்காத. இவ யாருன்னு கேளு. வெள்ளந்தாங்கி! மலையில இருந்து வர்ற வெள்ளத்த மொத்தமா குடிச்சி ஊரக் காப்பாத்துறவ. போன வருஷம் தூங்கிட்டா. அத்தொட்டுதான் கரை ஒடஞ்சிச்சி. இப்ப மம்ட்டியால தட்டி எழுப்பிட்டீங்க."

"எழுப்பினது நல்லதா கெட்டதா சாமி?"

"நல்லது. இனிமே ஒரு மண்டலத்துக்கு இந்த ஏரியில எந்த எடத்துலயும் இரும்பு படக்கூடாது. பட்டா கெட்டது."

முதலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தவன் தேவராஜ். முதல் படையலாக வாழைத்தார் கொண்டுவந்து வைத்தவனும் அவனே. கால்வாயில் விளைந்த தார்தான். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை.

மண்வெட்டிகள் தோளில் ஏறி வீட்டுக்குப் போயின. கல் பந்தலுக்குக் கீழே போயிற்று. தினமும் விடியற்காலையில் சாமியார் திரையை இழுத்துவிட்டு, உள்ளே தனியாக விபூதிக் காப்பு சாத்துவார். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. வெயில் அடிக்கும் நாளில் கல் சும்மா இருக்கும். "அம்மா தூங்குறா" என்பார். மேகம் மூடிப் புழுக்கமாக இருக்கும் நாளில் திரையைத் திறந்தால் கல் மேலெல்லாம் முத்து முத்தாக நீர். கீழே சொட்டும்.

"பாத்தீங்களா? குடிச்ச வெள்ளம் வேர்வையா வருது! எம்மாம் வேர்க்குதோ அம்மாம் வெள்ளம் கொறையுது!"

கூட்டம் "தாயே" என்று அலறும். பெண்கள் சிலர் ஆடுவார்கள். அந்த நீரைத் துணியில் ஒற்றி, துண்டு துண்டாகக் கிழித்து விற்றார்கள். வேர்வைத் துணி என்று பேர். நிலைவாசலில் கட்டினால் வெள்ளம் வீட்டுக்குள் வராதாம். வாத்தியார் கட்டினார். தபால்காரர் சைக்கிளில் கட்டினார். டீக்கடை அமலநாதன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவன். அவனும் ஒரு துண்டு வாங்கி மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தான்.

"ஏன்டா, இதெல்லாம் உங்க வேதத்துல கீதா?" என்று கேட்டேன்.

"இல்லதான். ஆனா மாதா ஒண்ணும் வேணான்னு சொல்லல" என்றான். கூட்டத்துக்கு டீ ஆற்றவே அவனுக்குக் கை போதவில்லை. பிறகு எங்கே வேண்டாம் என்பான்?

பஞ்சாயத்துக் கூட்டமும் நடந்தது. ஊரில் இருக்கிற விளக்குக் கம்பங்களுக்கெல்லாம் வேர்வைத் துணி கட்டுவது என்று தீர்மானம் போட்டார்கள். வெள்ளத் தடுப்பு வேலை அன்றைக்கே முடிந்துவிட்டது. எவ்வளவு சுலபம் பாருங்கள். சங்கிலி போட்டு அளந்த ஓவர்சீயர்தான் பைத்தியக்காரன்.

செல்லியம்மாள் மட்டும் துணி கட்டவில்லை. நேரே கோபால்சாமி வீட்டு வாசலில் போய் நின்றாள். ஆட்டுக்காரி குரல். மூன்று தெரு கேட்கும்.

"அண்ணா, கோடிக்கால்வா எப்ப தொறப்பீங்க?"

"மண்டலம் முடியட்டும் தங்கச்சி. இரும்பு படக்கூடாதுன்னு சாமி சொல்லிட்டாரே."

"மண்டலம் முடியறதுக்குள்ள மழ வந்துடுமே. மண்டலம் முடிஞ்சி வான்னு மழகிட்ட யாரு சொல்லுவா? நீங்களா, சாமியா?"

"நீ ஒரு வேர்வைத் துணி வாங்கிக் கட்டேன்."

"போன வருஷம் என் வூட்டுக் கொடி நெறைய துணி காஞ்சிகினு இருந்திச்சி. ஒண்ணாச்சும் தண்ணிய நிறுத்திச்சா? அந்த மனுஷன் கட்டில்ல கெடக்குறாரு. ராத்திரியில தண்ணி வந்தா நான் ஒருத்தியா எப்படித் தூக்குவேன்? ஆடு கத்தினா கயித்த அவுத்துடலாம். அவருக்கு எந்தக் கயித்த அவுக்கறது?"

கோபால்சாமி கீழே பார்த்தார். கெட்ட மனுஷன் அல்ல. பயந்த மனுஷன். "ஊரே ஒரு பக்கம் நிக்குதும்மா. நான் மட்டும் மம்ட்டி எடுத்தா அடுத்த எலெக்‌ஷன்ல என் கதி இன்னா ஆவும்?"

"அடுத்த எலெக்‌ஷனுக்கு ஓட்டுப் போட கீழ்த்தெரு இருக்க வேணாமா?"

அன்று சாயங்காலமே பிலிப்ராஜ் சைக்கிளில் வந்து இறங்கினார். வர்ற திங்கட்கிழமை வேலை ஆரம்பிக்கவில்லை என்றால் அரிசியை வேறு ஊருக்கு அனுப்பிவிடச் சொல்லி மேலே உத்தரவாம். "நான் இன்னா பண்றது தலைவரே? கல்லு வேர்க்குதுன்னு எழுதி அனுப்பினா என்ன ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க" என்றார் பாவம்.

மறுநாள் தேவராஜ் அம்மனுக்குக் கிடா கொண்டுவந்தான். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கிடா மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பை உதறினால் சாமி ஒப்புக்கொண்டது என்று அர்த்தம். அப்புறம்தான் வெட்டுவார்கள். தண்ணீர் பட்டால் எந்த ஆடும் உதறும். அதை உத்தரவு என்று எடுத்துக்கொள்வது நமக்கு வசதி. ஆடு கேட்டுக்கொள்ளாது.

இந்தக் கிடா உதறவில்லை. தெளித்துப் பார்த்தார்கள். குடத்தோடு கவிழ்த்துப் பார்த்தார்கள். அது கயிற்றை இழுத்துக்கொண்டு நேரே கல்லிடம் போய், நாக்கை நீட்டி, நக்க ஆரம்பித்தது. கன்றுக்குட்டியைப் பசு நக்குமே, அப்படி ஒரு நக்கு. பிடித்து இழுத்தாலும் விடவில்லை.

கூட்டம் திகைத்தது. சாமியார் அசரவில்லை. "ஆஹா! வாயில்லா ஜீவன் அம்மாவுக்கு முத்தம் குடுக்குது! இத வெட்டக்கூடாது. என் குடிசையில கட்டுங்க" என்றார். முத்தம் கொடுத்த ஆட்டுக்குச் சாமியார் குடிசை. அன்று அங்கே கறி வாசனை அடித்ததாக அமலநாதன் சொன்னான். நான் பார்க்கவில்லை.

செல்லியம்மாள் கூட்டத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் பொறந்ததுல இருந்து ஆடு மேய்க்கிறேன். எந்த ஆடும் சும்மா ஒரு கல்லுக்கு முத்தம் குடுத்து நான் பாக்கல" என்றாள் யாரிடமோ. பிறகு பேசாமல் கிளம்பினாள். அவள் பேசாமல் போனதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. போகிற வழியில் அம்சவல்லி கடையில் நின்று கல் உப்பு அள்ளச் சொன்னாள். முறம் நிறைய.

"இன்னாக்கா, ஊறுகா போடப்போறியா?" என்றாள் அம்சவல்லி.

"ஆமாண்டி. ஊருக்கே போதுற மாதிரி."

சனிக்கிழமை வானம் மூடிப் புழுங்கியது. நல்ல கூட்டம். கல்லுக்கு நல்ல வேர்வை. சாமியார் கண்ணை மூடி உறுமிக்கொண்டிருந்தார். அப்போது செல்லியம்மாள் இடுப்பில் ஒரு குடம் ஏரித் தண்ணீரோடு பந்தலுக்குள் வந்தாள். குனிந்து கும்பிட்டாள். அவள் கும்பிட்டதைப் பார்த்து ஊர் சந்தோஷப்பட்டது.

"சாமி, அம்மா வெள்ளத்தையே குடிக்கிறான்னீங்க. இந்தப் புழுக்கத்துல தாகமா இருப்பா. ஒரு கொடம் ஊத்தட்டா?"

சாமியாரின் கண் பட்டென்று திறந்தது. "கூடாது! பச்சத் தண்ணி படக்கூடாது. விபூதிக் காப்பு மட்டுந்தான்."

"ஏன் சாமி?"

"தோஷம்!"

"ஏரி மொத்தமும் குடிக்கிறவளுக்கு ஒரு கொடம் தோஷமா? அப்படின்னா வெள்ளம் வந்தா எப்படிக் குடிப்பா?"

"இவ நாஸ்திகம் பேசுறா! வெளிய தள்ளுங்க!"

ஆனால் அதற்குள் மாணிக்கம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவள்தான் அம்மனின் முதல் பக்தை. தலைவிரி கோலமாக ஆடுகிறவர்களுக்கெல்லாம் தலைமை. "இன்னாடி சொன்ன? எங்கம்மா ஒரு கொடம் குடிக்க மாட்டாளா? நூறு கொடம் குடிப்பாடி! இந்த ஏரியையே உறிஞ்சிடுவா! ஏய், கொடத்தக் கொண்டாங்கடி, இவளுக்குக் காட்டலாம்!"

அப்புறம் யார் நிறுத்துவது? வேப்பமரத்தடிக் கல்லைக் குளிப்பாட்டுகிற வழக்கம் எங்கள் பெண்களுக்குக் கைவந்தது. ஏரியிலிருந்து பந்தல் வரைக்கும் வரிசை. குடம் கைமாறியது. மஞ்சளை அரைத்துப் பூசித் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். முதுகு தேய்த்தார்கள். இடுக்கு தேய்த்தார்கள். "அடியேய், போதும்டி! தோஷம்டி!" என்று சாமியார் சுற்றிச் சுற்றி ஓடினார். பக்தியைக் கிளப்பிவிடத்தான் அவருக்குத் தெரியும். நிறுத்தத் தெரியாது. அம்மன் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. எல்லாம் சரிவில் வழிந்து ஏரிக்கே திரும்பிப் போயிற்று.

"நாளைக்குப் பாருடி. குடிச்சதுக்கெல்லாம் சேத்து வேர்ப்பா" என்று சவால் விட்டாள் மாணிக்கம்மாள்.

"பாக்கலாங்க்கா" என்றாள் செல்லியம்மாள்.

அது மட்டுமா? குளித்த அம்மனைத் தனியாக விடக்கூடாது என்று பெண்கள் சுற்றி உட்கார்ந்து விடிய விடியப் பாட்டுப் பாடினார்கள். திரை போட விடவில்லை. காப்பு சாத்த விடவில்லை. சாமியார் கையில் ஒரு ஜால்ராவைக் கொடுத்துத் தட்டச் சொன்னார்கள். தட்டினார். வேறு வழி?

ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசமான புழுக்கம். மலை மேல் மேகம் கன்னங்கரேலென்று உட்கார்ந்திருந்தது. சும்மா நிற்கிற மனுஷனுக்கே முதுகில் ஆறு ஓடியது. எல்லோரும் வேர்த்தோம். அம்மன் மட்டும் கருவாடு மாதிரி காய்ந்து கிடந்தாள்.

கூட்டம் முணுமுணுத்தது. மாணிக்கம்மாள் முகம் சுண்டிவிட்டது. சாமியார் தொண்டையைச் செருமினார். "பச்சத் தண்ணி ஊத்துனீங்க இல்ல? கோவமா கீறா."

செல்லியம்மாள் பந்தலுக்கு எதிரே ஒரு சாக்கு மூட்டை பக்கத்தில் நின்றிருந்தாள். "கோவப்படாத ஆத்தா ஒருத்தி இங்க கீறா, பாருங்க" என்று சாக்கை உருவினாள்.

உள்ளே ஒரு கல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூ சுற்றியிருந்தது. கல் முழுக்க நீர் கோத்து, தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. குங்குமம் கரைந்து ஓடியது.

"தாயே!" என்று முன்வரிசை அப்படியே விழுந்தது. ஒருத்தி ஆட ஆரம்பித்தாள். கோபால்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விழப் போனார்.

"அண்ணா, இருங்க! இன்னாத்துக்கு விழறீங்க?" என்று சத்தம் போட்டாள் செல்லியம்மாள். "இது என் வூட்டுத் தொவைக்கிற கல்லு. முந்தாநேத்துதான் இதுல எங்க வூட்டுக்காரு கோவணத்தத் தொவைச்சேன்!"

விழுந்தவர்கள் எழுந்தார்கள். நெற்றியைத் துடைத்தார்கள். பின்வரிசையில் எவனோ சிரித்துவிட்டான். சாமியார் அந்தச் சிரிப்பு பரவுவதற்கு முன்னால் குதித்தார். தொழில்காரர், சும்மா சொல்லக்கூடாது.

"அம்மா எடம் மாறிட்டா! கோவிச்சிகினு இந்தக் கல்லுக்கு வந்துட்டா! கோவணக் கல்லுன்னு பாக்காதீங்க, விழுங்க!"

பாதிப் பேர் மறுபடி விழுந்தார்கள். என்ன ஜனம்!

அந்த நேரம் ரோட்டுப் பக்கமிருந்து அமலநாதன் கத்திக்கொண்டு ஓடிவந்தான். "மைல்கல்லு வேர்க்குதுடோய்! ஒடுகத்தூர் மைல்கல்லு!" அவன் பின்னாலேயே தலைவரின் சம்சாரம். "ஏங்க, நம்ம வூட்டு வாசப்படி சொதசொதன்னு கீதுங்க! வேர்க்குதுங்க!"

கூட்டம் நாலு பக்கமும் சிதறியது. மைல்கல்லுக்குக் கற்பூரம் ஏற்றினார்கள். தலைவர் வீட்டு வாசற்படியில் ஒருத்தி தேங்காய் உடைத்தாள். தலைவரின் சம்சாரம் வீட்டுக்குள் எப்படிப் போவது, தாண்டலாமா கூடாதா என்று தெரியாமல் தெருவில் நின்றாள்.

"சாமி" என்றாள் செல்லியம்மாள், "மைல்கல்லுக்கும் அம்மா போய்ட்டாளா? பஸ்ஸுக்கு வழி காட்டவா?"

சாமியார் பஸ் நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அவள் கையைக் குவித்து ஆடுகளைக் கூப்பிட்டாள். "ப்ர்ர்... பா... பா..." மேட்டில் நின்றிருந்த ஆடெல்லாம் தபதபவென்று இறங்கின. அவற்றுக்கு நம்மைப் போலக் குழப்பம் கிடையாது. கொஞ்சம் துவைக்கிற கல்லில் மொய்த்தன. கொஞ்சம் மைல்கல்லுக்கு ஓடின. கொஞ்சம் தலைவர் வீட்டு வாசற்படியில் ஏறி, தேங்காய்ச் சில்லைத் தள்ளிவிட்டு, கல்லை நக்கின. வெள்ளந்தாங்கி அம்மனை ஒரு குட்டிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தலைவரே, இப்ப நீங்க வாங்க. நாக்க நீட்டி இந்தக் கல்லத் தொட்டுப் பாருங்க."

"நானா?"

"ஓட்டு வாங்கினது நீங்கதானே?"

கோபால்சாமி சுற்றிப் பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்தார்.

"உப்பு" என்றார். பிறகு, தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி: "உப்புக் கரிக்குது!"

"உப்ப அரைச்சிப் பூசுனா, ஈரக்காத்து அடிக்கிற நாள்ல எந்தக் கல்லும் கசியும்" என்றாள் அவள். "ஏண்டி, உங்க வூட்டு உப்புச் சட்டி மழக்காலத்துல தண்ணி வுடுது இல்ல? அதுக்கு எவளாச்சும் பொட்டு வெச்சீங்களா? அது முன்னால எவளாச்சும் ஆடினீங்களா? அடுப்பங்கரையில பாத்தா உப்பு. ஏரிக்கரையில பாத்தா அம்மனா?"

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். ஒரு வீட்டில் இல்லாத உப்புச் சட்டியா? ஓலைக் கூடையைப் போட்டு மூடி, பரண் மேல் வைத்து, தினமும் கசிகிறதே என்று திட்டுகிற சட்டி. பிறந்ததிலிருந்து பார்த்த விஷயம். அது ஒரு காவி வேட்டி கட்டிக்கொண்டு வந்ததும் அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

மாணிக்கம்மாள் நேரே சாமியாரின் குடிசைக்குள் போனாள். காப்புச் சட்டியோடு வெளியே வந்தாள். ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தாள். "அடப்பாவி! பாதிக்கு மேல உப்பு! உன் ஜால்ராவுக்கு விடிய விடிய பாடினேனேடா, என் தொண்ட போச்சேடா!" என்று துடைப்பத்தை எடுத்தாள். நம்பாதவள் அவனை வெறுமனே கேள்விதான் கேட்டாள். நம்பினவள் துடைப்பத்தை எடுத்தாள்.

சாமியார் ஓடினார். தாடி ஒரு பக்கம், வேட்டி ஒரு பக்கம். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஏணியைப் பிடித்தவரை இளவட்டங்கள் காலைப் பிடித்து இழுத்தார்கள்.

"என்ன வுட்டுடுங்க! நானா வந்தேன்? கல்லப் பொதைச்சது தேவராஜு! வரச் சொன்னது தேவராஜு! மழக்காலம் முடியற வரைக்கும் கோடிப் பக்கம் மம்ட்டி வராம பாத்துக்கச் சொன்னாரு!"

காலை விட்டுவிட்டார்கள். கண்டக்டர் கையை நீட்டினார். "டிக்கெட் எடு சாமி." அந்த மாதத்தில் மூங்கிலேரி பஸ்ஸில் மறுபேச்சில்லாமல் டிக்கெட் எடுத்த பக்தர் அவர் ஒருவர்தான்.

கூட்டம் தேவராஜ் பக்கம் திரும்பியது. அவன் கூட்டத்தின் கடைசிக்கு நழுவிக்கொண்டிருந்தான்.

"நான் இன்னா, ஊரு நல்லதுக்குத்தான்... தாரு இன்னும் முத்தல கோபாலு. தை வரைக்கும் பொறுத்தீங்கன்னா..."

"முத்தாத காய வறுவல் பண்ணிக்க மாமா" என்றாள் செல்லியம்மாள். "தைக்குக் கீழ்த்தெரு இருக்கணும்."

கோபால்சாமி துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தோளில் போட்டார். "நாளைக்குக் காலையில எல்லாரும் மம்ட்டியோட கோடிக்கு வாங்க. பிலிப்ராஜ் சார், அரிசி மூட்டையத் தொடாதீங்க" என்றார். எலெக்‌ஷனைப் பற்றி யோசித்தாரோ இல்லையோ, குரல் நடுங்கவில்லை.

திங்கட்கிழமை வெட்டினோம். வாழை சாய்ந்தது. கால்வாய் எங்கே இருந்தது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. மேல் மண்ணை எடுத்ததும் பழைய கட்டுக்கல் தானாகவே தெரிந்தது. மாணிக்கம்மாள் மண் சுமந்த வேகத்தைப் பார்த்தால் சாமியாரைத்தான் புதைக்கிறாள் என்று தோன்றும். வெள்ளந்தாங்கி அம்மனையும் விடவில்லை. உருட்டிக்கொண்டு போய்க் கரை இளைத்த இடத்தில் போட்டு மேலே மண் கொட்டினோம். இனிமேலாவது கொஞ்சம் வெள்ளம் தாங்கட்டும்.

ஐப்பசி பாதியில் மழை வந்தது. போன வருஷத்தைவிடக் குறையில்லை. மதியத்திலேயே மலை மறைந்துவிட்டது. தமுக்கு அடித்தார்கள். கீழ்த்தெரு பாய், பானை, கோழிக் கூடையோடு மேடேறியது. பேர் சொல்லி வைத்த இளவட்டங்கள் முனியனைக் கட்டிலோடு தூக்கினார்கள். மேலே கித்தான் போட்டு மூடினார்கள்.

"டேய், முகத்த மூடாதீங்கடா! ஊரு தப்பா நெனைக்கப் போவுது!" என்று உள்ளேயிருந்து கத்தினான் முனியன்.

"பேசாம வா மாமா. பொணம் பேசினாத்தான் தப்பா நெனைப்பாங்க."

பள்ளிக்கூட ஜன்னல் வழியாகச் செல்லியம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏரி ததும்பியது. செம்மண் தண்ணீர் கரையில் மோதி, சுற்றி, வழி தேடி, கோடியில் விழுந்தது. புதுக் கால்வாயில் உறுமிக்கொண்டு ஓடியது. வெட்டிப் போட்ட வாழைத் தண்டுகளை உருட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்துப் போயிற்று. இருட்டுகிற நேரத்தில் மழை கொஞ்சம் விட்டதும், கரைக்குக் கீழே அவள் வீட்டுச் சுவர் தெரிந்தது. நனைந்திருந்தது. நின்றிருந்தது.

"இன்னாடி தெரியுது?" என்றான் முனியன் கட்டிலிலிருந்து.

"செவுரு தெரியுது" என்றாள். அவ்வளவு சத்தமாகப் பேசுகிறவள், அதை மெதுவாகச் சொன்னாள்.

மழை ஓய்ந்த மறு வாரம் கணியம்பாடிப் பக்கத்திலிருந்து நாலைந்து பெரிய மனுஷர்கள் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். வெள்ளை வேட்டி, கையில் தேங்காய்ப் பழம். "ஏங்க, வெள்ளந்தாங்கி சாமி எங்க கீறாரு? எங்க ஊரு ஏரியும் கரை அரிச்சிகினு கெடக்குது. ஒரு நட கூப்புட்டுப் போலான்னு வந்தோம்" என்றார்கள். நடந்ததையெல்லாம் கோபால்சாமி விவரமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டார்கள். தலையாட்டினார்கள். கடைசியில் அதில் பெரியவர் என் பக்கம் குனிந்து, "அதெல்லாம் சரிங்க, இப்ப அவரு எந்த ஊர்ல கீறாரு?" என்றார்.

தண்ணீருக்கு மூளை கிடையாது. அதனால் பள்ளத்தைக் கண்டால் இறங்கி ஓடுகிறது. மூளை இருக்கிறதாகச் சொல்லிக்கொள்கிற நாம் எதற்கய்யா அதைப் போலவே பள்ளத்துக்கு ஓடுகிறோம்?